டாக்டர் ஜெரோம் லெஜேன்: குடும்பத்தை நேசித்த மருத்துவர்

(வெள்ளி விழாக் குடும்ப நாளன்று நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவர் ஆற்றிய உரை)



புனிதர்களின் வரலாற்றை எடுத்துச் சொல்ல நம்மிடையே குருக்கள் இருக்கிறார்கள். நான் வைத்தியம் பார்க்கிறவன். ஆகவே என் தொழிலைச் சேர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லுகிறேன்.

ஜெரோம் லெஜேன் 1926-ஆம் ஆண்டு ஜூன் 13-ஆம் நாள் பாரிஸ் நகரை அடுத்த மோன்ருழ் என்னும் ஊரில் பிறந்தார். மருத்துவம் கற்றுத் தேறியபின், பேராசிரியர் ரேமோன் துர்பேன் என்பவரிடம் பணியில் சேர்ந்தார். டவுன் சிண்ட்ரோம் என்று நாங்கள் சொல்லும் குறையோடு பிறந்த குழந்தைகளை அங்கேதான் அவர் நெருங்கிப் பார்த்தார். அந்நாளில் அக்குழந்தைகளின் பெற்றோர் பட்ட துயரம் கொஞ்சமல்ல. பெற்றவர்களின் குடிப்பழக்கம், மேக நோய் இவைதாம் காரணமோ என்று படித்தவர்களே ஐயுற்றார்கள். பிள்ளையின் பாரத்தோடு பழியின் பாரத்தையும் தாய் சுமந்தாள்.

நம் உடலின் உயிரணுக்களில் குரோமோசோம்கள் 46, அதாவது 23 ஜோடி. இக்குழந்தைகளிடம் 47 இருப்பது 1958-இல் தெரியவந்தது. 21-ஆம் ஜோடியில் இரண்டுக்குப் பதிலாக மூன்று! 1959 ஜனவரியில் லெஜேன், மார்த் கோத்தியே, துர்பேன் ஆகிய மூவர் பெயரிலும் இச்செய்தி வெளியாயிற்று. உயிரணுக்களை ஆய்வகத்தில் வளர்க்கும் முறையை அமெரிக்காவில் கற்று வந்து அங்கே செய்து காட்டியவர் மார்த் கோத்தியே என்ற பெண் மருத்துவர். தமக்குரிய பெருமை தமக்குக் கிடைக்கவில்லை என்று அவர் பிற்காலத்தில் வருந்தினார். அவருடைய பங்கையும் நன்றியோடு நினைப்பதே நியாயம்.

இக்கண்டுபிடிப்பால் பெற்றோருக்கு வந்த நன்மை என்ன? அவர்கள் மேல் இருந்த பழி நீங்கிற்று. இது யாருடைய பாவத்தாலும் வந்ததல்ல என்று அறிவியலே சாட்சி சொல்லிற்று.

லெஜேன் 1952 மே முதல் நாள் பிர்த்தே என்ற டென்மார்க் நாட்டுப் பெண்ணை மணந்தார். ஐந்து பிள்ளைகள் பிறந்தனர். உலகப் புகழ் வந்த பிறகும், நண்பகலில் மிதிவண்டியில் வீடு திரும்பி, மனைவி மக்களோடு உட்கார்ந்து சாப்பிடுவார். கோடையில் குடும்பம் டென்மார்க் சென்றால், நாள்தோறும் மனைவிக்குக் கடிதம் எழுதுவார். வீட்டில் தந்தையாக இருந்தவர் மருத்துவமனையிலும் தந்தையாகவே இருந்தார். பாரிஸின் நெக்கர் குழந்தைகள் மருத்துவமனையில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அவரிடம் வந்தார்கள். அவர்களைப் பெயர் சொல்லி அழைத்துப் பேசுவார்.

ஆனால் சோதனையும் வந்தது. எந்தக் குழந்தைகளைக் குணப்படுத்த அவர் ஆராய்ந்தாரோ, அவர்களைக் கருவிலேயே கண்டறிந்து அழிக்க அதே அறிவு பயன்படலாயிற்று. 1969-இல் அமெரிக்காவில் வில்லியம் ஆலன் விருது பெற்றபோது, அந்த அறிஞர் கூட்டத்திலேயே எழுந்து இதை எதிர்த்துப் பேசினார். அதன்பின் பலர் அவரை விட்டு விலகினார்கள். அவர் தம் கொள்கையை விட்டு விலகவில்லை.

1994-இல் திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர், உயிரைக் காப்பதற்கென நிறுவிய கழகத்துக்கு இவரை முதல் தலைவராக நியமித்தார். சில வாரங்களில், ஏப்ரல் 3-ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, புற்றுநோயால் லெஜேன் இறைவனடி சேர்ந்தார். 1997-இல் திருத்தந்தை அவருடைய கல்லறைக்கே சென்று செபித்தார். 2021-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவராக அறிவித்தது.

இவரைப் பற்றிப் பேச எனக்குத் தகுதி உண்டா என்று என் மனசாட்சி கேட்கிறது. நான் புதிதாகத் தொழில் தொடங்கிய காலத்தில், இத்தகைய குழந்தை ஒன்று பிறந்தது. தந்தையை வராந்தாவுக்கு அழைத்து, நின்றபடியே இரண்டு நிமிடத்தில் விஷயத்தைச் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். தாயிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தையைக் கையில் எடுக்கவும் இல்லை. "பிள்ளைக்கு என்ன பேர் வைக்கப் போறீங்க?" என்று நான் கேட்டிருந்தால், அந்தத் தாய்க்கு அதுவே பாதி மருந்தாக இருந்திருக்கும். லெஜேன் வரலாற்றைப் படித்த பிறகுதான் என் குறை எனக்கு விளங்கிற்று.

அன்பர்களே, நம் பங்கிலும் அத்தகைய பிள்ளைகள் இருக்கிறார்கள். அதிகாலைத் திருப்பலிக்கு வந்து, கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து, ஆசீர் முடியுமுன்னே எழுந்து போகும் தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஏன் அப்படிப் போகிறார்கள்? நம் பார்வைக்கு அஞ்சித்தானே! இன்று விழா விருந்து இருக்கிறது. அந்தப் பிள்ளைகளை வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தால், தயவுசெய்து போய் அழைத்து வாருங்கள். மற்றவர்கள் பக்கத்தில் இடம் போட்டு, பெயர் கேட்டு, பரிமாறுங்கள். நம் வெள்ளி விழா அப்போதுதான் குடும்ப விழாவாகும்.