வாச்சாத்தி கற்பித்த பாடம்

(அரூரில் நடந்த பொதுக்கூட்டத்தில் பேசியது)



பூர்வகுடி மக்களின் உரிமைக் கிளர்ச்சியைப் பற்றிப் பேசும்படி நம்மைக் கேட்டுக்கொண்டார்கள். அதற்குக் கடல் கடந்து போக வேண்டியதில்லை. இந்த அரூரிலிருந்து சித்தேரி மலையடிவாரத்திலுள்ள வாச்சாத்தி வரையில் போனால் போதும்.

அங்கு வாழ்பவர்கள் மலையாளி என்னும் மலைசாதி மக்கள். தேன் எடுப்பதும், விறகு பொறுக்குவதும், மாடு மேய்ப்பதும் அவர்களின் பாட்டன் பூட்டன் காலத்து ஜீவனம். 1882-ல் வெள்ளைக்காரன் சென்னை வனச் சட்டத்தைச் செய்தான். அது முதல் காடு சர்க்காரின் சொத்து. காட்டிலே பிறந்தவன் காட்டுக்குத் திருடன்! வெள்ளைக்காரன் போன பின்பும் இந்த நியாயம் போகவில்லை.

1992 ஜூன் 20-ந் தேதி என்ன நடந்தது? சந்தனக் கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையார் 155 பேரும், போலீசார் 108 பேரும், வருவாய்த் துறையார் 6 பேரும், ஆக 269 பேர் அந்தச் சிறு கிராமத்தில் புகுந்தார்கள். ஜனங்களை ஆலமரத்தடிக்கு இழுத்து வந்து அடித்தார்கள். வீடுகளை நொறுக்கினார்கள். ஆடு கோழிகளைத் தின்றார்கள். குடிதண்ணீர்க் கிணற்றைக் கெடுத்தார்கள். 18 பெண்களைப் பலாத்காரம் செய்தார்கள். அன்றிரவு அந்தப் பெண்களை அடைத்து வைத்தது எங்கே? இந்த அரூர் வனத்துறை அலுவலகத்திலேதான்! பிறகு கொண்டுபோய்ச் சேலம் சிறையில் தள்ளினார்கள்.

அப்படி ஒன்றும் நடக்கவேயில்லை என்று ஆட்சியிலிருந்தவர்கள் சாதித்தார்கள். படித்த கனவான்களும் உத்தியோகஸ்தர் சொல்லை நம்பினார்களே ஒழிய, அடிபட்டவன் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை.

பெண்ணுக்குக் கேடு செய்தால், “வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்” என்று அவளையே அடக்குவது நம் நாட்டு வழக்கம். ஒருவன் செய்த அயோக்கியத்தனத்திற்கு இன்னொருத்தியின் மானம் எப்படிப் போகும்? திருட்டுக் கொடுத்தவன் தலைகுனிகிறானா? இதைப் புத்தகம் படித்த நமக்கு முன்னே, அந்தப் பெண்கள் உணர்ந்துகொண்டார்கள். விதி என்று அழுது ஓயாமல், கோர்ட்டில் நின்று, இன்னார் செய்தார் என்று சொன்னார்கள்.

தனியாக நின்றிருந்தால் நசுக்கியிருப்பார்கள். மலைவாழ் மக்கள் சங்கமும் கம்யூனிஸ்டுத் தோழர்களும் பக்கத்தில் நின்றார்கள். 1995-ல் சென்னை உயர்நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ. வசம் ஒப்புவித்தது. 2011 செப்டம்பர் 29-ல் தர்மபுரி நீதிமன்றம் 269 பேரும் குற்றவாளிகளே என்றது. 54 பேர் அதற்குள் செத்துப் போனார்கள். மிச்சம் 215 பேருக்குத் தண்டனை. 2023 செப்டம்பர் 29-ல் உயர்நீதிமன்றமும் அதை உறுதி செய்து, பாதிக்கப்பட்ட பெண்களுக்குத் தலைக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லிற்று. இதற்கு 31 வருஷம்! இதை நீதியின் பெருமை என்பதா, அந்தப் பெண்களின் பொறுமை என்பதா?

ஆஸ்திரேலியாவில் வில்லியம் கூப்பர் என்ற பூர்வகுடிக் கிழவர், பார்லிமெண்டில் தங்களுக்கு ஒரு பிரதிநிதி வேண்டுமென்று அரசருக்கு மனுவெழுதி 1,814 பேரிடம் கையெழுத்து வாங்கினார். அங்குள்ள சர்க்கார் அதை அரசருக்கு அனுப்பவேயில்லை. ஆனால் அவர்கள் ஓயவில்லை. வெள்ளையர் குடியேறிய 150-வது வருஷத்தைக் கொண்டாடிய 1938 ஜனவரி 26-ந் தேதியை, சிட்னியில் துக்கநாள் என்று கூட்டம் கூடி அறிவித்தார்கள். அங்கும் இங்கும் பாடம் ஒன்றே. மனு போட்டவனை மறந்துவிடலாம். கூடி நிற்பவனை மறக்க முடியாது.

2006-ம் வருஷத்து வன உரிமைச் சட்டம், காட்டு மக்களுக்குச் சரித்திரத்தில் அநியாயம் நடந்ததென்று தானே ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டது மட்டும் போதுமா? பட்டா கைக்கு வரவேண்டாமா?

ஆகவே அரூர்த் தோழர்களே! மலையிலிருந்து சந்தைக்கு இறங்கி வருகிறவனை “ஏ, மலைக்காரா!” என்று கூப்பிடுவதை இன்றோடு விடுங்கள். அவன் பட்டா கேட்டு ஆபீசுக்குப் போகும் நாளில், எழுதப் படிக்கத் தெரிந்த ஒருவராவது கூடப் போங்கள். அவன் கேட்பது பிச்சையல்ல, உரிமை என்பதை மனதில் வையுங்கள் என்று சொல்லி முடித்துக்கொள்ளுகின்றோம்.