வானவழி இணையமும் கடல்சூழ் வாழ்வும்
(சங்க ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



நாம் வாழும் ஏலூர் ஒரு தீவு என்பதை நம்மிற் பலர் மறந்தே விடுகிறோம். பெரியாற்றின் கிளைகள் சூழ்ந்த இந்நிலத்தில் உரத் தொழிற்சாலை 1947இல் உற்பத்தியைத் தொடங்கியது. பாலங்கள் வந்தன, கம்பிகள் வந்தன. இன்று ஊரிலுள்ள பெற்றோரிடம் நாள்தோறும் முகம் பார்த்துப் பேசுகிறோம். இவ்வாய்ப்பு எல்லாத் தீவினர்க்கும் எளிதில் கிட்டியதன்று.

கொச்சிக்கு மேற்கே அரபிக்கடலில் உள்ள இலட்சத்தீவுகளை எண்ணிப் பாருங்கள். நெடுங்காலம் அவற்றின் தொலைபேசிக்கும் இணையத்துக்கும் செயற்கைக்கோளே வழியாக இருந்தது. 2024 ஜனவரி 3ஆம் நாள், கொச்சியிலிருந்து 11 தீவுகளுக்குக் கடலடியில் இட்ட ஒளியிழைக் கம்பி தொடங்கி வைக்கப்பெற்றது. நொடிக்கு 1.7 கிகாபிட் என்றிருந்த கொள்ளளவு 200 கிகாபிட்டாகும் என அரசு அறிவித்தது. அங்ஙனமாயின் வானவழி இனி எதற்கு எனக் கேட்கத் தோன்றும்.

நிலநடுக்கோட்டுக்கு மேல் ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இயங்கும் கோள், பூமியோடு ஒத்துச் சுழல்வதால் ஓரிடத்தே நிற்பதுபோல் தோன்றுகிறது. அதனை நோக்கிக் கூரைமேல் ஓர் ஆண்டெனாவைப் பொருத்தி, மின்சாரமும் தந்தால் காட்டூருக்கும் இணையம் கிட்டும். மலையைக் குடைய வேண்டா. கடலடியைத் துழாவ வேண்டா. ஆயின், நம் வினா மேலேறிக் கீழிறங்கி, விடையும் அவ்வாறே வந்து சேர ஏறத்தாழ அரை நொடி ஆகிறது. ஸ்டார்லிங்க் போன்ற அமைப்புகளின் கோள்கள் 550 கிலோமீட்டர் அளவில் தாழப் பறப்பதால் இக்குறை பெரிதும் நீங்கும். அவை நில்லாது ஓடுவன ஆதலின் ஆயிரக்கணக்கில் வேண்டும். இடவப்பாதிப் பெருமழையில் அலைகள் நலிவதும் உண்டு.

கம்பிக்கும் கேடு வரும். 2022 ஜனவரி 15இல் டோங்கா நாட்டில் எரிமலை வெடித்துக் கடலடிக் கம்பி அறுந்தது. முதன்மைத் தீவில் அது மீள ஐந்து வாரங்களுக்கு மேலாயிற்று. அதுவரை செயற்கைக்கோளே அம்மக்களுக்குக் கைகொடுத்தது.

கம்பி ஒருநாளும் எட்டாத இடமும் உண்டு. அது நடுக்கடல். கொச்சித் துறையிலிருந்து கடலேறுவோருள் நம் குமரி மாவட்டத்தார் பலர் என்பதை நாம் அறிவோம். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் எழுந்தபோது, கைப்பேசி அலை எட்டாத தொலைவில் இருந்த படகுகள் பலவற்றுக்கு எச்சரிக்கை சென்று சேரவில்லை. திரும்பி வாராதோர் பலர். அவர்தம் இல்லங்களில் இன்றும் அத்துயர் ஆறவில்லை.

அதன்பின், 2019 அக்டோபரில் ஜெமினி என்னும் கருவி வந்தது. அது செயற்கைக்கோள் வழியே புயற்செய்தியைப் படகுக்குத் தரும். படகிலிருந்து மறுமொழி சொல்ல அதனால் இயலாது. இருவழியும் செய்தி செல்லும் கருவிகளை ஓர் இலட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30இல் தொடங்கப்பெற்றது. முழு இணையம் அன்று, சில சொற்களே அவ்வழிச் செல்லும். எனினும், “படகு கவிழ்கிறது, இங்கே இருக்கிறோம்” என்பதற்குச் சில சொற்கள் போதுமன்றோ?

ஆதலின், கம்பி வந்துவிட்டது என்று வானவழியைக் கைவிடலாகாது; வானவழி உண்டென்று சிற்றூருக்குக் கம்பியை மறுக்கவும் ஆகாது. உயிர் காக்கும் பணிக்கு இரண்டும் வேண்டும்.

நம் சொந்த ஊர்களுக்கு இத்தகைய கருவி வரும்போது நாம் கேட்க வேண்டியவை மூன்று: மின்சாரம் நின்றால் பேட்டரி உண்டா? பழுதானால் செப்பனிடுவோர் அருகில் உளரா? மாதக் கட்டணம் ஏழை எளியோர்க்குத் தாங்குமா? தொழிற்கல்வி பயிலும் நம் குடியிருப்பின் பிள்ளைகள் இப்பழுது பார்க்கும் கலையையும் கற்று, விடுமுறையில் தம் ஊர் இளைஞர்க்குக் கற்பித்தல் வேண்டும். தொழில் தேடி வந்த நாம் பிறந்த மண்ணுக்குச் செய்யத்தக்க தொண்டு அது.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!