மாத்திரையை விட்டது யார்?

(மாணவர் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)

தோழர்களே,

"உங்க ஜனங்க ஒழுங்கா மாத்திரை திங்க மாட்டாங்க. அதனாலதான் கிருமி மருந்துக்கு மசிய மாட்டேங்குது." டி.பி. நோயாளிகளுக்குத் துணையாகப் போகிற நான் ஆஸ்பத்திரி வாசலில் பலமுறை கேட்ட பேச்சு இது. பதிவேட்டிலும் அவர்களை 'டிஃபால்டர்' என்றே எழுதினார்கள். கடன் கட்டாதவனுக்கு வைக்கிற பெயர்! இந்தக் குற்றச்சாட்டைக் கிருமியை வைத்தே விசாரிப்போம்.

மருந்துக்கு மசியாத கிருமியை மருந்து உண்டாக்குவதில்லை. மருந்து உள்ளே போவதற்கு முன்னாடியே அது அங்கே இருக்குது. டி.பி. கிருமி பெருகும்போது ஏறத்தாழ பத்து லட்சத்தில் ஒன்று ஐசோனியசிட்டுக்கு மசியாததாகத் தற்செயலாகவே பிறக்கிறது. ரிஃபாம்பிசினுக்கு மசியாதது பத்துக் கோடியில் ஒன்று. நுரையீரலில் விழுந்த ஒரு குழிக்குள் கோடிக்கணக்கில் கிருமி. ஒரே மருந்தைக் கொடுத்தால் மசிகிறதெல்லாம் சாகும், மசியாதது மட்டும் காலியான இடத்தைப் பிடித்துப் பெருகும். ரெண்டு மூணு மருந்து சேர்ந்து போனால் ஒன்றுக்குத் தப்பியது இன்னொன்றில் மாட்டிக்கொள்ளும்.

1947இல் பிரிட்டனில் தொடங்கிய சோதனையைப் பாருங்கள். 55 பேருக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். ஆறு மாதத்தில் ஊசி போட்டவர்களில் 4 பேரும், போடாதவர்களில் 14 பேரும் இறந்தார்கள். ஐந்து வருஷம் கழித்துக் கணக்கெடுத்தால் 32, 35! ஊசியால் கிடைத்த பலன் அநேகமாகப் போயேபோச்சு. சோதித்துப் பார்த்த 41 பேரில் 35 பேரிடம் மசியாத கிருமி. அங்கே யாரும் மருந்தை விட்டுவிட்டு ஓடவில்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுக்கவைத்து, ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை குத்தினார்கள். குத்தியது ஒரே மருந்து. அவ்வளவுதான் விஷயம்.

அடுத்து நம்ம சென்னை. 1956இல் சேத்துப்பட்டில் ஆய்வு மையம் தொடங்கியது. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்தில் வைத்தார்கள், மறுபாதி வீட்டிலேயே. இருவருக்கும் ஓராண்டு ஒரே இரட்டை மருந்து. 1959இல் முடிவு வந்தது. நெருக்கடியான வீடு, குறைந்த சாப்பாடு, எல்லாம் இருந்தும் வீட்டில் இருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கும் தொற்று கூடவில்லை. சானடோரியத்தின் கதை உலகம் முழுக்க முடிந்தது இப்படித்தான். ஏழை வீட்டில் வைத்தியம் எடுபடாது என்ற பேச்சு அன்றைக்கே செத்துவிட்டது. அதை இன்னும் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

அப்புறம் மருந்து தாறுமாறானது எங்கே? நம்ம ஜனங்க நிறையப் பேர் பிழைக்கிற தாராவியில், தனியார் டாக்டர்கள் 100 பேரிடம் டி.பி.க்கு என்ன எழுதுவீர்கள் என்று கேட்டார்கள். 80 விதமான பதில்! 1991இல் வெளியான ஆய்வு இது. அரசாங்கத் திட்டமாவது ஒழுங்கா? நோய் திரும்பியவருக்கு ஏற்கெனவே தோற்றுப்போன அதே மருந்துகளோடு ஸ்ட்ரெப்டோமைசினை மட்டும் கூடுதலாகச் சேர்த்தார்கள். எந்த மருந்து எடுபடும் என்று சோதிக்காமலே, பல வருஷமாக. அந்த மருந்துகளுக்கு ஏற்கெனவே மசியாத கிருமியாக இருந்தால், புதிதாகச் சேர்த்த ஒன்றையும் இழக்கத்தான் அது வழி. 2017இல்தான் உலக சுகாதார நிறுவனம் இதை விடச் சொன்னது.

மசியாத கிருமி காற்றிலும் பரவுகிறது. ஒரு மாத்திரைகூடச் சாப்பிடாத பிள்ளைக்கு நேராக அதுவே தொற்றும். அந்தப் பிள்ளை எதை விட்டது?

2024 மார்ச்சில் மருந்து கையிருப்பு குறைந்தபோது, மாநிலங்களே மூன்று மாதத்துக்கு உள்ளூரில் வாங்கிக்கொள்ளும்படி மத்திய டி.பி. பிரிவு கடிதம் எழுதியது. முடியாவிட்டால் நோயாளியே வாங்கட்டும், பணத்தைத் திருப்பித் தரலாம் என்றது. கூலிக்குப் போகிறவர் முதலில் எந்தப் பணத்தில் வாங்குவார்? அந்த மாதங்களில் டிஃபால்டர் என்று யார் பெயரை எழுதுவது?

மாணவத் தோழர்களே, ஒரு வேலை இருக்குது. அடுத்த முறை நம்ம ஆட்களோடு போகும்போது இரண்டு கேள்வி கேளுங்கள். மருந்து தொடங்கும் முன் ரிஃபாம்பிசின் எதிர்ப்புச் சோதனை செய்தீர்களா? இந்த மாதத்து இருப்புப் பதிவேட்டைக் காட்டுவீர்களா? பதிலைத் தேதி போட்டு எழுதிக்கொண்டு வாருங்கள்.