இறுதியில் பாடிய அவையடக்கம்

நம் காப்பியப் புலவர் நூலின் முகப்பில் அவையடக்கம் பாடினர். பல இடங்களில் அது வெறும் மரபே. புனித அகுஸ்தீனாரோ அதனை வாழ்வின் இறுதியில் பாடினார் எனலாம். வட ஆப்பிரிக்காவில் இப்போ நகர ஆயராய்ப் புகழோங்கிய அவர், 426-427இல், தாம் இயற்றிய 93 நூல்களையும் வரிசையாக எடுத்துப் பிழை நோக்கினார். திருமுழுக்குக்கு முன் எழுதிய நூலொன்றில் ‘அதிர்ஷ்டம்’ எனப் பொருள்படும் சொல்லை அடிக்கடி ஆண்டதற்கு வருந்தினார். இறைவன் திருவுளம் என்று கூறவேண்டிய இடத்தில் மக்கள் அச்சொல்லைக் கூறிவிடுகின்றனரே என்பது அவர் கவலை. ஒரு சொல்லுக்காக மனந்திரும்புதல்! கவிஞர்களுக்கு இது சற்றே அச்சமூட்டும். இளமைப் பாவத்திற்கு அழுதலினும், உலகம் போற்றிய ஏட்டைத் தாமே திருத்துதல் அரிது. அப்பணிவில்தான் அவர் ஞானம் கனிந்தது என்பேன். 430இல், வாண்டல் இனத்தார் படை நகரை முற்றுகையிட்டிருக்க, தாவீதின் மனத்துயர்ப் பாடல்களை எழுதிச் சுவரில் பதிக்கச் செய்து, படுக்கையில் கிடந்தவாறே படித்து அழுதார். மருத்துவர் வரும் நேரமும் உணவு வரும் நேரமும் தவிர, எவரையும் அவர் உள்ளே விடவில்லை.