சாரத்துல எடுத்த போட்டோவும் சரித்திரம்தான்

சாரத்துல ஒன்பதாம் வகுப்புக்கு வரலாறு எடுக்கிற அக்கா ஒருத்தங்க நம்ம பாட்காஸ்ட்டைத் தவறாம கேட்பாங்க. அவங்க கேட்டது: "தம்பி, ஆன்லைன்ல போட்டோ ஷேர் பண்ற வசதியை வச்சு வகுப்பு எடுக்கலாமா? இல்ல, வெறும் ஸ்லைடு ஷோவாப் போயிடுமா?"

காட்டிட்டு மட்டும் போனா ஸ்லைடு ஷோதான். படத்துக்குக் கீழ என்ன எழுதணும்னு பசங்க சண்டை போட்டாத்தான் அது வரலாறு.

கடற்கரைச் சாலை மேரி கட்டடத்தை எடுத்துக்கங்க. 19-ஆம் நூற்றாண்டுக் கட்டடம். 2014 நவம்பர் 29 அன்னிக்கு மழையில இடிஞ்சு விழுந்துச்சு. அதே தோற்றத்துல திரும்பக் கட்டி 2021-ல திறந்தாங்க. இப்போ ஒன்பதாவது படிக்கிற பிள்ளைக்குப் பழைய மேரி ஞாபகம் இருக்காது. விக்கிமீடியா காமன்ஸ்ல தேடி, இடியறதுக்கு முன்னாடி எடுத்த படம் ஒண்ணு, புதுசு ஒண்ணு, தேதியை மறைச்சு கூகுள் போட்டோஸ் ஆல்பத்துல போடுங்க. எது பழசு? காரணத்தோட கமென்ட் எழுதணும். "பளபளன்னு இருக்கிறது புதுசு"ன்னு ஒருத்தன் சொல்வான். "பெயின்ட் அடிச்சிருந்தா?"ன்னு ஒரு பொண்ணு மடக்கும். அப்புறமா தேதியைக் காட்டுங்க.

தேதின்னதும் என் தொழில் புத்தி வந்துடுது. போன்ல எடுத்த படத்துல தேதி ஃபைலுக்குள்ளேயே இருக்கும். வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்பினா அது போயிடும். டாக்குமென்ட்டா அனுப்பினா தங்கும். ஆனா பழைய போஸ்ட்கார்டை ஸ்கேன் பண்ணினா, ஃபைல் சொல்றது ஸ்கேன் பண்ணின தேதியை! ஃபைல் சொல்றதை நம்பலாமா, எதை வச்சு சரிபார்க்கிறதுன்னு பேச ஆரம்பிச்சாலே பாதி வகுப்பு ஓடிடும்.

2008-ல அமெரிக்காவோட காங்கிரஸ் நூலகம் பழைய படங்களை ஃப்ளிக்கர்ல ஏத்துச்சு. பார்த்தவங்க ஆள், இடம் எல்லாம் கமென்ட்ல சொல்ல, நூலகம் அதைச் சரிபார்த்து தன் கேட்டலாக்கைத் திருத்துச்சு. நம்ம பசங்களும் செய்யக்கூடிய வேலைதான்.

இப்போ 'பாண்டிச்சேரி'ன்னு தேடிப் பாருங்க. மஞ்சள் சுவர், காகிதப்பூ, திரும்பவும் மஞ்சள் சுவர். புல்வாருக்கு வெளியே இருக்கிற சாரம் எங்க? 1936 ஜூலை 30, சவானா மில் தொழிலாளர்கள் மேல பிரெஞ்சு ஆட்சி போலீஸ் சுட்டதுல 12 பேர் செத்தாங்க. அடுத்த வருஷம் 8 மணி நேர வேலை சட்டமாச்சு. அந்தப் போராட்டத்துக்கு எத்தனை படம் கிடைக்குதுன்னு பசங்களையே தேட விடுங்க. மஞ்சள் சுவர் அளவுக்குக் கிடைக்காது. அப்போ கேமரா யார் கையில இருந்துச்சுங்கிற கேள்வி தானா வரும். என்னைக் கேட்டா, மொத்தப் பாடமும் அந்தக் கேள்விக்காகத்தான்.

அதுக்கப்புறம் வீட்டுக்கு அனுப்புங்க. தாத்தாவோட மில் அடையாள அட்டை, ஆயாவோட கல்யாணப் போட்டோ, அதுக்குப் பின்னாடி இருக்கிற ஸ்டூடியோ சீல். இதெல்லாம் வீட்டுல கேட்டுட்டு, வகுப்புக்கு மட்டும் தெரியற ஆல்பத்துல போடணும். லொக்கேஷனை ஆஃப் பண்ணிடுங்க.

அவ்வைத் திடல், தெருமுனை, பழைய ஓட்டுவீடு, இதையெல்லாம் பசங்களே எடுத்தா, டீச்சர் பார்த்துட்டு, காமன்ஸ்ல ஏத்தலாம். அங்க போட்டதை யாரும் எடுத்து, வியாபாரத்துக்குக்கூட பயன்படுத்தலாம்னு முன்னாடியே சொல்லிடுங்க. தலைப்புல 'சாரம்'னு மட்டும் போட்டு விட்டுடாதீங்க அக்கா. எந்தத் தெரு, எந்தப் பக்கம் பார்த்து எடுத்தது, என்ன தேதின்னு தமிழ்லயே எழுதச் சொல்லுங்க.