புயலும் ஏழையர் மருத்துவமனையும்

(வெள்ளி விழாக் கருத்தரங்கில் நிகழ்த்தப்பெற்ற உரை)

 

கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில் புயலையும் மருத்துவமனையையும் பற்றிப் பேசுவது பொருத்தமா எனச் சிலர் எண்ணக்கூடும். பொருத்தமே என்பது நம் துணிபு. நோயுற்றால் நம்மவர் நாடிச் செல்லும் இடம் பெரும்பாலும் அரசு மருத்துவமனையே. புயல் நாளில் அது இயங்குமா, முடங்குமா என்பது அன்றைக்கு முடிவாவதன்று. வெயில் காயும் ஒரு நாளில், ஏதோ ஓர் அறையில், யாரோ சிலர் செய்யும் தீர்மானத்தால் அது முடிவாகிறது. அந்த அறையில் நமக்கு இடம் உண்டா என்பதே நாம் எழுப்ப விரும்பும் கேள்வி.

இதற்குச் சான்றாகக் கடல் கடந்த ஓர் ஊரின் வரலாற்றைக் கூறுவோம். அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலுள்ள நியூ ஆர்லியன்ஸ் நகரில், 1736-ஆம் ஆண்டில் ஏழைகளுக்கென்றே தோன்றியது சாரிட்டி மருத்துவமனை. 1939-இல் அதற்குப் பல மாடிகள் கொண்ட புதுக் கட்டடம் எழுந்தபோது, வெள்ளையர்க்கு ஒரு புறமும் கறுப்பர்க்கு மறுபுறமும் என நோயாளர் கூடங்கள் பிரிக்கப்பட்டன. ஊரும் சேரியும் அறிந்த நமக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. பின்னாளில் அப்பிரிவினை நீங்கிற்று. ஆயினும் கையில் காசில்லாதோர்க்கு, அவருள்ளும் பெரும்பாலும் கறுப்பின மக்களுக்கு, புகலிடமாகவே அது நீடித்தது.

2005 ஆகஸ்டு 29-ஆம் நாள் கத்ரினா புயல் கரையைக் கடந்தது. வெள்ளத் தடுப்புச் சுவர்கள் உடைந்தன. நகரின் ஐந்தில் நான்கு பங்கு நீரில் மூழ்கிற்று. சாரிட்டியின் கட்டடம் புயலைத் தாங்கி நின்றது. ஆனால் அவசர மின்சாரம் தரும் ஜெனரேட்டர்கள் அடித்தளத்தில் இருந்தன. வெள்ளம் முதலிற் புகுந்த இடமும் அதுவே. விளக்குகள் அணைந்தன, மின்தூக்கிகள் நின்றன, செயற்கைச் சுவாசக் கருவிகள் ஓய்ந்தன. மருத்துவரும் செவிலியரும் முறைவைத்து, இரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி, மணிக்கணக்கில் நோயாளிகளுக்கு மூச்சளித்தனர். இருண்ட படிகளில் அவர்களைச் சுமந்து இறக்கினர்.

அருகிலேயே டுலேன் என்னும் தனியார் மருத்துவமனை இருந்தது. அதனை நடத்திய நிறுவனம் தன் செலவில் ஹெலிகாப்டர்களை அமர்த்தித் தன் நோயாளிகளை மீட்டது. சாரிட்டியின் நோயாளிகளோ அரசின் உதவியை எதிர்நோக்கிக் கிடந்தனர். அவருள் சிலர் படகேற்றப்பட்டு, அத்தனியார் மருத்துவமனையின் வாகன நிறுத்தக் கட்டடத்து மேல்தளத்தில் தம் முறைக்குக் காத்திருந்தனர். செப்டம்பர் 2-ஆம் நாளில்தான் சாரிட்டியிலிருந்து அனைவரும் வெளியேற்றப்பட்டனர். பின்னர் அக்கட்டடம் மருத்துவமனையாகத் திறக்கப்படவே இல்லை. வெள்ளம் பேதம் பார்க்கவில்லை. அந்நகரின் மற்றொரு தனியார் மருத்துவமனையில் 45 சடலங்கள் கண்டெடுக்கப்பட்டன. ஆனால் யார் முதலில் மீள்வது என்பதில் பணம் பேதம் பார்த்தது.

இதனை எதிர்பாரா விபத்து என்று கூறவும் இயலாது. 2004-ஆம் ஆண்டிலேயே 'பாம்' எனக் கற்பனைப் புயலொன்றுக்குப் பெயரிட்டு அதிகாரிகள் ஒத்திகை நடத்தினர். நகரம் மூழ்கக்கூடும் என்பது அன்றே தாளில் எழுதப்பட்டது. எழுதியது செயலாகவில்லை.

பாடம் கற்றோரும் உளர். 2001 ஜூனில் ஆலிசன் புயலின் மழையால் ஹூஸ்டன் நகரின் பெரு மருத்துவமனை ஒன்று ஏறத்தாழ 540 நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. அதன் பின்னர் அம்மருத்துவ வளாகத்தில் வெள்ளத் தடுப்புக் கதவுகள் அமைக்கப்பட்டன. 2017-இல் ஹார்வி புயல் அதனினும் பெருமழை பொழிந்தபோது அவ்வளாகம் பெரும்பாலும் தொடர்ந்து இயங்கிற்று. 2012-இல் சாண்டி புயலின்போது நியூயார்க்கின் பெல்வியூ அரசு மருத்துவமனையில் ஜெனரேட்டர்கள் உயரே 13-ஆம் மாடியில் இருந்தன. ஆனால் எண்ணெய் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் மூழ்கின. ஊழியரும் படைவீரரும் படிகளில் வரிசையாய் நின்று கைக்குக் கை எண்ணெய் ஏற்றினர். எனவே ஜெனரேட்டர் எங்கே என்று கேட்பதோடு, பம்பு எங்கே என்றும் கேட்டல் வேண்டும்.

நமக்கும் இது அயலான செய்தியன்று. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னைத் தனியார் மருத்துவமனை ஒன்றில் மின்சாரம் நின்றபோது, தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்தோர் மாண்ட செய்தி அனைவரையும் கலங்கச் செய்தது. 2016-இல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் மருத்துவமனைப் பாதுகாப்புக்கென நெறிமுறைகளை வெளியிட்டது. அவை ஏட்டளவில் நில்லாதிருக்கக் கேட்போர் வேண்டும்.

இளைஞர்களே! ஐப்பசி மழைக்கு முன்னரே உங்கள் ஊர் அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். ஜெனரேட்டர் எவ்வளவு உயரத்தில் உள்ளது? எண்ணெயும் பிராணவாயுவும் குடிநீரும் எத்தனை நாளைக்கு உண்டு? சாலை துண்டிக்கப்பட்டால் நோயாளிகளை எங்கே, எவ்வாறு கொண்டுசெல்வர்? இவற்றைப் பணிவோடும் உறுதியோடும் வினவுங்கள். நம் தெருவில் பேறுகாலம் நெருங்கிய பெண்கள், சிறுநீரகச் சுத்திகரிப்புக்குச் செல்வோர், இன்சுலின் ஊசி போடுவோர் யார் யார் என்று பட்டியல் எழுதி மருத்துவரிடம் அளியுங்கள். புயலுக்கு முன்பே கருவுற்ற தாய்மாரை மருத்துவமனையிற் சேர்க்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு; பட்டியலில் இல்லாத தாயை அழைக்க எவரும் வாரார்.

மற்றொன்றும் உண்டு. வெள்ளம் வடிந்தபின் சேற்றையும் மருத்துவக் கழிவையும் அள்ளுவோர் யார்? 2015-இல் சென்னையைத் தூய்மை செய்ய வெளி மாவட்டங்களிலிருந்தும் துப்புரவுத் தொழிலாளர் அழைத்து வரப்பட்டனர். அவருள் பலர் நம் உறவினர். மருத்துவமனையின் புயல் திட்டத்தில் மருத்துவர்க்கு இடம் உண்டு. துப்புரவாளரின் கையுறைக்கும் காலுறைக்கும் உணவுக்கும் தங்குமிடத்துக்கும் இடம் உண்டா? இதையும் கேளுங்கள்.

கேட்பதோடு நில்லாது, அத்திட்டத்தை எழுதும் இடத்துக்கே நம் பிள்ளைகள் செல்லல் வேண்டும். செவிலியராக, மின் பொறியாளராக, மருத்துவராக, ஆட்சியராக அவர்கள் அமர வேண்டும். அண்ணல் அம்பேத்கர் நமக்குக் கற்கச் சொன்னதும் ஒன்றுசேரச் சொன்னதும் பட்டம் பெறுவதற்காக மட்டுமன்று. நம் உயிர் பற்றிய தீர்மானம் நம்மை நீக்கி எழுதப்படாதிருக்கவுமே ஆகும். இச்சங்கத்தின் அடுத்த இருபத்தைந்து ஆண்டுப் பணி அதுவாகுக!