நிறை, கனம், பாரம்



'கோல்' என்ற சொல் தமிழில் எத்தனை கைகளில் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். அரசன் கையில் செங்கோல், புலவன் கையில் எழுதுகோல், வணிகன் கையில் துலாக்கோல், உழவன் கையில் தார்க்கோல், முதியவர் கையில் ஊன்றுகோல். எழுதுகோல் கனத்தால் விரல் நோகும்; ஊன்றுகோல் இலேசானால் ஆளைத் தாங்காது. ஒவ்வொரு கோலுக்கும் தனக்குரிய ஒரு கனம் உண்டு. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இந்த வரிசையில் நம் முன்னோர் சேர்க்காத ஒரு கோல். பில்லியட்ஸ், ஸ்நூக்கர், பூல் ஆகிய மேசைப் பந்தாட்டங்களில் பந்தை இடிக்கும் கோல். ஆடுபவர்கள் அதைக் 'கியூ' என்கிறார்கள்.

இலக்கியத் தொடரில் இதற்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். விடயம் என்னிடம் வந்த வழி இதுதான். இறம்பொடைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றின் லயத்தில் பிறந்து, இப்போது கொழும்பில் ஒரு விடுதியில் வேலை செய்யும் பழைய மாணவர் ஒருவர் தைப்பொங்கலுக்கு ஊர் வந்திருந்தார். வேலை முடிந்த பின் அங்குள்ள மேசையில் பூல் ஆடப் பழகிவிட்டாராம். தனக்கென்று ஒரு கியூவும் வாங்கிவிட்டார். "சேர், இதின்ட அடியில பாரத்தைக் கூட்டலாமாம். கூட்டினா அடி பலமா விழுமா?" என்று கேட்டார். தமிழாசிரியனிடம் கேட்கும் கேள்வி அல்ல. ஆனால் நிறை, கனம், பாரம் என்ற மூன்று சொற்களையும் வேறுபடுத்தி வகுப்பில் அவருக்குச் சொன்னவன் நான்தான். ஆகவே தப்ப முடியவில்லை.

நிறை என்பது தராசு சொல்வது. கனம் என்பது கை உணர்வது. பாரம் என்பது உடம்பு சுமப்பது. பேச்சு வழக்கில் மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. கியூ விடயத்தில் அவற்றைப் பிரித்தால்தான் பதில் கிடைக்கிறது.

முதலில் நிறை. பூல் கியூக்கள் பெரும்பாலும் 18 முதல் 21 அவுன்ஸ் வரை இருக்கும். நம் பழைய கணக்கில் 16 அவுன்ஸ் ஒரு றாத்தல் என்பதால், ஒரு றாத்தலுக்குச் சற்று மேலே என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்நூக்கர் கியூ இதிலும் சற்று இலேசானது. பூல் ஆட்டத்தின் சர்வதேச விதிப்படி கியூ 25 அவுன்ஸைத் தாண்டக் கூடாது. ஸ்நூக்கர் விதியோ நீளம் 3 அடிக்குக் குறையக் கூடாது என்று சொல்லிவிட்டு, நிறையை ஆடுபவரின் விருப்பத்துக்கு விட்டுவிடுகிறது.

நிறையைக் கூட்டினால் அடி பலக்குமா? ஒரு சிறு கணக்குப் போடலாம். 6 அவுன்ஸ் பந்தை 18 அவுன்ஸ் கியூ இடிக்கிறது. முனையிலுள்ள தோலில் வீணாகும் சக்தியைக் கணக்கில் எடுக்காமல் விட்டால், பந்து கியூவின் வேகத்தைப் போல ஒன்றரை மடங்கு வேகத்தில் புறப்படும். கியூவை 20 அவுன்ஸ் ஆக்கினால் ஒன்றரை என்பது 1.54 ஆகும். இரண்டு முழு அவுன்ஸ் கூட்டியும், கை அதே வேகத்தில் வந்தால் கிடைப்பது நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பாரத்தைத் தள்ளும் கை சற்றே தளர்ந்தால் அதுவும் போய்விடும். கனத்த கோல் கொடுக்கும் பலம் என்று பலர் நம்புவது பெரும்பாலும் மனப்பிராந்திதான். பந்தைக் கடிதில் ஓட்டுவது கையின் வேகமே.

அப்படியானால் ஏன் அரை அவுன்ஸுக்காக ஆட்டக்காரர்கள் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள்? அரை அவுன்ஸ் என்றால் 14 கிராம். அந்த அளவு தேயிலையில் ஏழு கோப்பைத் தேநீர் ஊற்றலாம், அவ்வளவுதான். இங்கேதான் இரண்டாவது சொல் வருகிறது. கியூவை ஒரு விரலில் கிடத்திப் பாருங்கள். அடிப்பக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒன்றரை அடியில் ஓரிடத்தில் அது சாயாமல் நிற்கும். அந்த இடமே கையின் கனத்தைத் தீர்மானிக்கிறது. 18 அவுன்ஸ் கியூவின் அடி நுனியில் ஓர் அவுன்ஸ் சேர்த்தால் அந்த இடம் ஏறத்தாழ ஓர் அங்குலம் பின்னே நகர்கிறது. தராசுக்கு ஓர் அவுன்ஸ். கைக்கோ வேறொரு கோல். முன்பக்கம் இலேசாகி முனை மேலே கிளம்பப் பார்க்கும், பிடித்த விரல்கள் இறுகும், இறுகினால் கோணல். அதற்கு மாறாக, வெறுமையாகத் துள்ளும் ஒரு கியூவுக்கு அதே அவுன்ஸ் நிதானத்தைத் தரும். கோல் நேராகப் போய் நேராகத் திரும்புகிறதா என்பதே கேள்வி. நம்மூர் ஆஞ்சநேயரின் கதாயுதம் கனத்தைத் தலையில் வைத்திருக்கிறது, அது நொறுக்கப் பிறந்தது. கியூ கனத்தை அடியில் மறைத்து வைத்திருக்கிறது.

கூட்டும் முறை எளிது. பெரும்பாலான பூல் கியூக்களின் அடியில் ஒரு ரப்பர் மூடி இருக்கும். அதைக் கழற்றினால் உள்ளே ஓர் இரும்புத் திருகாணி. அதை எடுத்துவிட்டு வேறு நிறையுள்ள திருகாணியைப் பூட்டலாம். அரை அவுன்ஸ், ஓர் அவுன்ஸ் என்று வேறுபாட்டோடு விற்கிறார்கள். பழைய ஸ்நூக்கர் கியூக்களில் இந்த வசதி இல்லை. செய்யும்போதே அடியைத் துளைத்து ஈயம் வைத்து அடைத்துவிடுவார்கள், பின்னர் மாற்றுவது கைவினைஞரின் வேலை.

ஈயத்துக்கு முன்னரே அந்தக் கோலுக்கு அடிக்கனம் கொடுத்த பொருள் ஒன்று உண்டு. அதைச் சொல்லாமல் போனால் நான் இலங்கையன் அல்ல. கருங்காலி. நம் உலர்வலயக் காடுகளில் வளரும் கருங்காலியின் வைரம் தண்ணீரில் போட்டால் அமிழ்ந்துவிடும். நம் வீடுகளில் அதில் உலக்கை செய்தார்கள். ஆங்கிலேயர் அதைக் கப்பலேற்றினார்கள். இலேசான, நேர்நாருள்ள ஆஷ் மரத்தை முன்பக்கத்துக்கும், கறுத்துக் கனத்த கருங்காலியை அடிக்கும் வைத்து, இரண்டையும் நான்கு கூர்முனைகளாகச் செதுக்கி ஒன்றுக்குள் ஒன்று செருகி ஒட்டினார்கள். நல்ல ஸ்நூக்கர் கியூவின் அடையாளமாக அந்த நான்கு கறுத்த முனைகளை இன்றும் பார்க்கலாம்.

அந்தக் கோல்கள் நம் மலைக்கும் வந்தன. நுவரெலியாவின் ஹில் கிளப் 1876 இல் தோட்டத் துரைமாருக்காகத் தொடங்கப்பட்டது. அங்கே பில்லியட்ஸ் அறை உண்டு. இந்தியாவிலும் இதே கதைதான். ஸ்நூக்கர் ஆட்டம் 1875 இல் ஜபல்பூரில் படை அதிகாரிகளிடையே உருவாகி, உதகமண்டலத்துக் கிளப்பில் விதி கண்டது. தேயிலையும் மூடுபனியும் கிளப்பும் உள்ள இரண்டு மலைகள், இரண்டுக்கும் தமிழ்நாட்டுச் சமவெளியிலிருந்து ஏறி வந்த கூலிகள். முழு அளவு மேசை 12 அடி நீளம், 6 அடி அகலம். பச்சைத் துணிக்கு அடியில் கற்பலகைகள், மொத்தம் ஒரு தொன்னுக்கு மேல். நானுஓயாவுக்கு இரயில் வந்ததே 1885 இல்தான். அதற்கு முன் நுவரெலியாவுக்குப் போன கனத்த சாமான்கள் பெரும்பாலும் கம்பளையிலிருந்து புசல்லாவை, இறம்பொடை வளைவுகள் வழியாக மாட்டு வண்டியில் ஏறின. வண்டிக்குப் பின்னால் தோள் கொடுத்தவர்கள் யாரென்று நான் சொல்ல வேண்டியதில்லை.

மூன்றாவது சொல்லுக்கு வந்துவிட்டோம். என் தகப்பனார் கவ்வாத்துக்காரர். கத்தியைத் தோட்டம் கொடுத்தது. கனத்தைக் கொடுத்தது அவர். வாரக் கணக்கில் கல்லில் தீட்டித் தீட்டி முன்பக்கத்தை இலேசாக்குவார். கைப்பிடியில் பழைய சேலைத் துண்டை இறுகச் சுற்றுவார். பூல் கியூவின் பிடியிலும் நூல் சுற்றியிருப்பதைப் பார்த்தபோது எனக்கு அந்தக் கத்திதான் ஞாபகம் வந்தது. எனக்குத் தெரிய, வேறொருவர் கத்தியை அவர் தொட்டதில்லை.

கொழுந்து எடுக்கும் பெண்ணுக்கு அந்தச் சலுகையும் இல்லை. கூடையோ சாக்கோ, கயிறு உச்சந்தலையில். நேரம் போகப் போகப் பாரம் ஏறும், தூக்கி நிறுத்தும் இடம் மாறாது. நிறுவையில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக் கணக்கில் கழிக்கிறார்கள் என்பது மலையகத்தில் எந்த லயத்திலும் கேட்கக்கூடிய முறைப்பாடு. மழை நாளில் நனைந்த கொழுந்தைச் சுமந்த கழுத்து அந்த ஈரத்தையும் சேர்த்துத்தான் சுமந்தது. தராசு அதைக் கழித்துவிட்டது. அரை அவுன்ஸைக் கையால் கண்டுபிடிக்கும் நுண்மை மனிதருக்கு உண்டு என்பதற்குக் கியூவே சாட்சி. அந்த நுண்மை மலைமேல் பில்லியட்ஸ் அறையோடு நின்றுவிட்டது என்பதே என் குறை. ஆட்டத்தின் மீது எனக்குக் குறையில்லை.

ஆட்டம் கிளப்போடு நிற்கவுமில்லை. 1973 இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியட்ஸ் போட்டியில் எம். ஜே. எம். லாபிர் வென்றார். எந்த விளையாட்டிலும் உலகப் பட்டம் பெற்ற முதல் இலங்கையர் அவரே. கிரிக்கெட் கிண்ணம் வந்தது அதற்கு 23 ஆண்டுகள் கழித்து, 1996 இல். என் வகுப்பில் அவர் பெயரைக் கேட்டால் இரண்டு கைகூட உயர்வதில்லை.

மாணவருக்கு நான் சொன்ன பதில் சுருக்கமானது. பலத்துக்காகக் கூட்ட வேண்டாம். பந்தில்லாமல் பத்து முறை கோலை ஓட்டிப் பார், முனை நேர்கோட்டிலிருந்து விலகினால் அரை அவுன்ஸ் மாற்று, இரண்டு வாரம் ஆடு, பிறகு மீண்டும் பார். ஒரே நாளில் இரண்டு தரம் மாற்றினால் கைக்கு எதுவும் பிடிபடாது. கழற்றிய திருகாணியை ஒரு நெருப்புப் பெட்டிக்குள் போட்டு வைத்துக்கொள், தேவைப்படும். அவர் சித்திரை விடுமுறைக்கு வரும்போது கியூவையும் கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். விரலில் கிடத்திப் பார்க்க நானும் காத்திருக்கிறேன்.